கதவைப் பார்த்திருந்த பூட்ஸ்

14, ஆக்ஸ்லி தெரு,
புல்காரா
24 மார்ச் 2025

அன்புள்ள திருமதி ட்ரஸ்காட்,

உங்கள் புது முகவரி இன்று காலை உறுதியானது. தந்தவர் பக்கத்து வீட்டு வில்ஃப். ஆதாரம், அவருடைய பிறந்தநாளுக்கு நீங்கள் அனுப்பிய வாழ்த்து அட்டையின் உறை. "எதுக்குக் கேக்கற? வாடகை பாக்கி வச்சிட்டுப் போயிட்டாளா?" என்றார். இல்லை, தபால்தான் பாக்கி என்றேன். உறையைக் கையில் தராமல், தானே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து எழுதச் சொன்னார்.

உங்களுக்கு வந்த தபால்கள் இத்துடன் இருக்கின்றன. நூலகத்திலிருந்து இரண்டு, காது பரிசோதனை நிலையத்திலிருந்து ஒன்று, விதை விற்பவர்களின் விலைப்பட்டியல் ஒன்று. எதையும் பிரிக்கவில்லை.

நான் ஜனவரியிலிருந்து இந்த வீட்டில் குடியிருக்கிறேன். பெயர் ப்ரூ ஹாலோரன். இந்த ஊர்ப் பத்திரிகையை மூடும்வரை அதில் நிருபராக இருந்தேன். என் பெயரை நீங்கள் பார்த்திருக்கக்கூடும், பெரும்பாலும் வெள்ளச் செய்திகளுக்கு மேலே. இப்போது பல்கலைக்கழகத்தின் உள்ளூர்க் கிளையில் வாடகை வீடுகளைப் பற்றி ஆய்வு செய்கிறேன். ஊரின் வீட்டு ஏஜென்ட்கள் இதற்கு உதவுகிறார்கள். யார் வீட்டைக் காலி செய்தார், ஏன் செய்தார், எங்கே போனார் என்பவை என் கேள்விகள். முதல் இரண்டுக்கும் விடை கிடைத்துவிடும். மூன்றாவது கேள்விக்கு வரும்போது கேட்பதற்கு ஆள் இருக்கமாட்டார். நான் படுத்து எழும் வீட்டுக்கே அந்த விடை என்னிடம் இல்லாதது கொஞ்ச நாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். பின்படியில் ஒரு ஜோடி பழைய பூட்ஸ் இருக்கிறது. ஆண்கள் போடும் அளவு. நுனி இரண்டும் கதவைப் பார்க்கின்றன. ஏஜென்ட் அலுவலகத்து டெய்லா சாவி தரும்போது, "அது பழைய ஆளு விட்டுட்டுப் போன குப்பைங்க. தூக்கிப் போட்டுடுங்க" என்றாள். தோல் வெடிக்காமல் எண்ணெய் பூசியிருக்கிறது. குப்பைக்கு யாரும் எண்ணெய் பூசுவதில்லை என்பதால் நான் போடவில்லை. அதை என்ன செய்யட்டும்?

இப்படிக்கு,
ப்ரூ ஹாலோரன்


நம்பக்கா ஹெட்ஸ்
2 ஏப்ரல்

ப்ரூ ஹாலோரனுக்கு,

தபால் வந்தது. நன்றி. என்னைத் திருமதி என்று கூப்பிட்டவர்கள் எல்லோரும் என்னை வீட்டைவிட்டு அனுப்பியவர்கள்தான். நோலீன் போதும்.

உங்களை எனக்குத் தெரியும். வெள்ளத்தின்போது எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் என்று எழுதினீர்கள். முழங்கால் அளவுதான். இடுப்பளவு என்று சொன்னவர் வில்ஃப். அவர் உட்கார்ந்திருந்தார்.

இறந்துபோன என் கணவரின் தங்கை ஷெரிலின் வீட்டில், பின்கட்டு அறையில் இருக்கிறேன். நல்லவள். நான் கழுவி வைத்த கோப்பையை ஒருமுறை திரும்பக் கழுவுவாள், அவ்வளவுதான்.

வீட்டைப் பற்றிக் கேட்காமலே சொல்கிறேன். அடுப்பின் இடது பின்பக்க பர்னரை நம்ப வேண்டாம். எலுமிச்சை மரத்தை யாராவது வெட்ட வந்தால், வேர் கழிவுநீர்க் குழாயைச் சுற்றியிருக்கிறது, வெட்டினால் குழாய் போய்விடும் என்று சொல்லுங்கள். உண்மையா பொய்யா என்று யாரும் தோண்டிப் பார்க்க மாட்டார்கள். பதினொரு வருடம் அந்த மரத்தை அப்படித்தான் காப்பாற்றினேன்.

பூட்ஸை அங்கேயே விடுங்கள். நுனி கதவைப் பார்த்தபடி. ஏன் என்று கேட்க வேண்டாம். ஆய்வில் எழுதவும் வேண்டாம்.

நோலீன்


புல்காரா
28 ஏப்ரல்

அன்புள்ள நோலீன்,

உறுதியான செய்தி ஒன்று இருக்கிறது. கொல்லைக் கொட்டகைப் பக்கத்து மழைநீர்த் தொட்டியின் குழாயை வியாழன் மாலை நான் இறுக மூடினேன். வெள்ளிக்கிழமை, போர் நினைவு நாளின் விடியற்காலைக் கூட்டம் முடிந்து வந்தபோது அது சொட்டிக்கொண்டிருந்தது. கீழே மண் நனைந்திருந்தது. பார்த்தவள் நான்.

உறுதியாகாதவை இவை. கொட்டகைக் கதவின் கொக்கியை நான் மாட்டும் விதத்தில் அது இப்போது மாட்டப்பட்டிருக்கவில்லை. தொட்டிக்குப் பின்னால் எலுமிச்சைத் தோல் ஒன்று கிடந்தது, ஒரே சுருளாக, அறுபடாமல் உரித்தது. எனக்கு அப்படி உரிக்க வராது. சனிக்கிழமை பாத்திரம் கழுவும்போது ஜன்னலுக்கு வெளியே புகையிலை வாசனை வந்து போனது. வெளியே போய்ப் பார்த்தேன், யாரும் இல்லை. எலுமிச்சைக் கிளை ஒன்று மட்டும், காற்றில்லாத நேரத்தில், கொஞ்சம் ஆடிவிட்டு நின்றது.

நான் பேய்க்குப் பயப்படுகிறவள் அல்ல. ஆனால் இரண்டு நாளாக இந்த வீடே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதுபோல் இருக்கிறது. ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போகும்போது தொண்டையைச் செருமிக்கொண்டு போகிறேன். யாருக்கோ தெரியப்படுத்துவதுபோல.

வாடகை வீட்டில் முன்னால் இருந்தவரின் நிழல் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அலமாரிக்குள் ஒட்டிய தாள், கதவில் ஆணி அடித்த ஓட்டை. இங்கே இருப்பது அந்த வகை இல்லை. உங்களுக்கு ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள்.

மற்றபடி வேலை. ஜூன் கடைசியோடு என் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிப்பார்களா என்பதைச் சொல்ல வேண்டியவர் நகரத்து வளாகத்தில் இருக்கிறார், நான் கேட்கும் நாளெல்லாம் அவர் விடுமுறையில் இருக்கிறார். இங்கே எங்கள் கட்டடத்தில் பாதி விளக்கை அணைத்துவிட்டார்கள். யாருக்கும் சொந்த மேசை கிடையாது. மாலையில் கிளம்பும்போது படம், கோப்பை, சால்வை எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். மறுநாள் வருகிறவருக்கு நான் அங்கே உட்கார்ந்திருந்தது தெரியக்கூடாது. வாடகை வீட்டை ஆராய்கிறவளுக்கு மேசையும் வாடகைக்குத்தான்.

மே ஆறாம் தேதி ஏஜென்டின் இன்ஸ்பெக்‌ஷன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டைப் பார்வையிட வருவார்களே, அதுதான். டெய்லாவே வருகிறாள். "உங்க வீடு எப்பவும் நீட்டாதான் இருக்கும், சும்மா நாலு போட்டோ எடுத்துட்டுப் போயிடுவேன்" என்றாள். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வாள் என்று என் ஆய்வில் பதினேழு பேர் சொல்லியிருக்கிறார்கள். அன்று மதியமே மெல்போர்னுக்குக் காரில் கிளம்புகிறேன். அங்கே ஒரு மாநாட்டில் பேச வேண்டும். ஏஜென்ட் வரும் நாளில் குடியிருப்பவர்கள் தாங்கள் குடியிருக்கும் அடையாளத்தையே வீட்டிலிருந்து எப்படித் துடைக்கிறார்கள் என்பதுதான் தலைப்பு.

ப்ரூ


நம்பக்கா ஹெட்ஸ்
7 மே

ப்ரூ,

உங்கள் கடிதம் இன்று வந்தது. இன்ஸ்பெக்‌ஷன் நேற்று.

காலையிலிருந்து போனோடு உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் எண் என்னிடம் இல்லை. பல்கலைக்கழகத்தை அழைத்தேன். சேர்வதற்கு ஒன்றை அழுத்தவும், கட்டணத்துக்கு இரண்டை அழுத்தவும் என்றது. எதையும் அழுத்தாமல் காத்திருந்ததற்கு ஒரு பெண் வந்து, "நீங்க எந்தப் படிப்புல சேர விரும்பறீங்க?" என்றாள். உங்கள் பெயரைச் சொன்னேன். "அவங்களுக்குத் தனி எக்ஸ்டென்ஷன் கிடையாதுங்க, மேசை மாறிட்டே இருக்கும்" என்றாள். வில்ஃபை அழைத்தேன். அவருக்குப் போன் அடிப்பது எப்போதும் கேட்காது.

அதனால் எழுதுகிறேன். இது உங்கள் கைக்கு வரும்போது என்ன நடந்திருக்குமோ அது நடந்து முடிந்திருக்கும்.

உங்கள் வீட்டில் பேய் இல்லை. டெஸ், முழுப் பெயர் டெஸ்மண்ட். என் தம்பி. ஐம்பத்தெட்டு வயது.

அவனிடம் போன் கிடையாது, வங்கிக் கணக்கு கிடையாது. போன் தன்னை ஒட்டுக்கேட்கும் என்பான். செம்மறி மயிர் கத்தரிக்கும் கொட்டகைகளில் தரை கூட்டுவான், பருத்தி சீசனில் லாரியில் தார்ப்பாய் கட்டுவான். ஏப்ரல் கடைசியில், குளிர் தொடங்கும்போது, என்னிடம் வருவான். குளிர் தீரும்வரை நம் கொல்லைக் கொட்டகையில் படுத்துக்கொள்வான், ராச்சாப்பாட்டுக்கு மட்டும் உள்ளே வருவான். ஒரு நாளும் நேராக வரமாட்டான். ஒரு வாரம், பத்து நாள் சுற்றிச் சுற்றி வருவான், படுக்க இடம் பார்க்கும் நாய் மாதிரி. தண்ணீர் குடிப்பான், எலுமிச்சை பறிப்பான், பார்ப்பான். பிறகு ஒரு காலையில் வந்து கதவைத் தட்டுவான். அந்தத் தோல் அவன் உரித்ததுதான். எங்கள் அப்பா அப்படி உரிப்பார்.

வீட்டு ஒப்பந்தத்தில் என் பெயர் மட்டும்தான். அவன் இருப்பது தெரிந்தால் என்னைக் காலி செய்யச் சொல்ல அது ஒன்று போதும். அதனால் இன்ஸ்பெக்‌ஷன் அன்று விடியும்போதே அப்பாவின் பூட்ஸைப் படியிலிருந்து எடுத்து உள்ளே வைத்துவிடுவேன். பூட்ஸ் இல்லையென்றால் வராதே, தூரப் போ. பூட்ஸ் கதவைப் பார்த்து நின்றால் வா. எங்கள் இரண்டு பேருக்கும் இருந்த பாஷை அவ்வளவுதான். பதினொரு வருடத்தில் அவன் ஒருமுறைகூட மீறியதில்லை.

முதல் கடிதத்திலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ஏஜென்ட்கள் உங்களுக்கு உதவுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இங்கே நான் வீட்டுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருக்கிறேன், ஒவ்வொருவரும் டெய்லாவை அழைத்து என்னைப் பற்றிக் கேட்கிறார்கள். முகவரியையாவது அவனுக்கு எழுதி வைத்துவிட்டு வந்திருக்கலாமே என்றும் கேட்பீர்கள். டிசம்பரில் கிளம்பியபோது எனக்கு முகவரி இல்லை. கொஞ்ச நாள் காரில் தூங்கினேன். பிறகு ஒருத்தியின் சோபாவில். ஷெரில் கூப்பிட்டது மார்ச்சில். என்ன எழுதி வைத்திருப்பேன்? பூட்ஸை மட்டும் விட்டு வந்தேன், அதைப் பார்த்து அவன் கதவைத் தட்டினால் திறப்பவரிடம் என்னைப் பற்றிக் கேட்பான் என்று.

பூட்ஸை நேற்று எடுத்தீர்களா? அது மட்டும் சொல்லுங்கள்.

நோலீன்


புல்காரா
16 மே

அன்புள்ள நோலீன்,

எடுத்தேன்.

மே ஆறாம் தேதி காலையில் எடுத்தேன். எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். குளிர்சாதனப் பெட்டி மேல் இருந்த படங்கள், குளியலறைச் சோப்பு, வராந்தாவில் காய்ந்த துணி, பின்படியில் பூட்ஸ். அகப்பட்டதையெல்லாம் பெட்டியில் அள்ளிக் காரின் பின்பக்கம் வைத்தேன். நீங்கள் அங்கேயே விடச் சொன்னது நினைவில்தான் இருந்தது. ஒரு மணி நேரத்துக்குத்தானே என்று நினைத்தேன். டெய்லா வந்து படம் எடுத்தாள், "இங்க யாராவது இருக்காங்களான்னே சந்தேகம் வருது" என்று பாராட்டிவிட்டுப் போனாள். பெட்டியை இறக்காமலே நான் மெல்போர்னுக்குக் கிளம்பிவிட்டேன்.

அங்கே பேசினேன். காலி செய்யப்பட்ட சமையலறைகளின் படங்களைத் திரையில் காட்டினேன். முடிந்ததும் ஒரு பேராசிரியர், "மொத்தம் எத்தனை வீடு?" என்று கேட்டார். சொன்னேன். "கொஞ்சம் கம்மிதான்" என்றார். பூட்ஸ் அந்த நேரத்தில் மாநாட்டு மண்டபத்துக்கு அடியில், கார் நிறுத்துமிடத்தில் இருந்தது. பன்னிரண்டாம் தேதி திரும்பினேன். பெட்டியை அன்றும் இறக்கவில்லை. உங்கள் கடிதம் பதினான்காம் தேதி வந்தது. படித்த கையோடு போய்ப் பூட்ஸை எடுத்துப் படியில் வைத்தேன்.

அன்று மாலை வில்ஃப் வீட்டுக்குப் போனேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். இந்த முறை முழங்காலை முழங்கால் என்றே எழுதுகிறேன்.

"வந்தானே. நீ ஊருக்குப் போனதுக்கு மறுநாள் காலைல. வேலிக்கு அந்தப் பக்கம் நின்னான். தொப்பி, தோள்ல ஒரு மூட்டை."

"எவ்வளவு நேரம்?"

"நான் டீ குடிச்சு முடிக்கற வரைக்கும். படியையே பாத்துட்டு நின்னான். அப்புறம் போயிட்டான். அடுத்த நாளும் வந்தான். அதுக்கடுத்த நாளும்."

"நீங்க கூப்பிடலையா?"

"இந்த இடுப்ப வச்சிக்கிட்டு எந்திரிச்சு வெளிய வர்றதுக்குள்ள அவன் க்வீன்ஸ்லாந்துக்கே போயிடுவான். ஜன்னலத் தட்டினேன். அவனுக்கு அது வேற மாதிரி பட்டிருக்கும்."

"அதுக்கப்புறம்?"

"வரல." நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து, "அவன் யாருன்னு உனக்குத் தெரியும்னு நெனச்சேன்மா. தெரு முழுக்க தெரியுமே. வீட்டுக்காரனுக்கும் ஏஜென்டுக்கும்தான் தெரியாது" என்றார்.

தெரு முழுக்கத் தெரிந்திருக்கிறது, நோலீன். பதினொரு வருடம் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. நான் இந்த ஊரில் இத்தனை வருடம் செய்தி சேகரித்தவள்.

காவல் நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த இளைஞர் பொறுமையாகத்தான் கேட்டார். "காணாமப் போனார்னு எழுதணும்னா, எங்கேர்ந்து காணாமப் போனார்னு ஒரு முகவரி வேணுங்க." என் முகவரியைக் கொடுத்தேன். "அங்க குடியிருந்தாரா?" என்றார். ஆமாம் என்றேன். வில்ஃபின் இடுப்பளவுக்குப் பிறகு, நான் நேரில் பார்க்காத ஒன்றை உறுதியாகச் சொன்னது இது முதல் முறை. மயிர் கத்தரிக்கும் கொட்டகைகளின் காண்ட்ராக்டர்களிடம் விசாரிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

பூட்ஸ் இப்போது படியில் இருக்கிறது. நுனி கதவைப் பார்க்கிறது. உங்கள் பெயரையும் நம்பக்கா முகவரியையும் பென்சிலில் எழுதி, மெழுகுத்தாளில் சுற்றி, இடது பூட்ஸின் நுனிக்குள் வைத்திருக்கிறேன். கால் நுழைத்தால் தட்டுப்படும். என் போன் எண் இந்தக் கடிதத்தின் பின்புறம்.

மன்னிப்புக் கேட்க எனக்கு என்ன உரிமை என்று தெரியவில்லை. கேட்கிறேன்.

ப்ரூ


நம்பக்கா ஹெட்ஸ்
23 மே

ப்ரூ,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கடற்கரைக்குப் போய்விட்டேன். இருட்டும்வரை வரவில்லை. ஷெரில் காரை எடுத்துக்கொண்டு தேடி வந்தாள். அவள் பயந்தது எனக்கு ஒருவகையில் நன்றாக இருந்தது. நான் தொலைந்தால் தேட ஒருத்தி காரோடு இருக்கிறாள்.

மூன்று காலைப்பொழுது. அது என்ன என்று உனக்குத் தெரியாது, நான் சொல்கிறேன். பூட்ஸ் இல்லாத நாளுக்கு மறுநாள் எப்போதும் பூட்ஸ் வந்துவிடும். அவன் முதல் நாள் நின்றது வழக்கப்படி. இரண்டாம் நாள் நின்றது எனக்கு ஏதோ தாமதம் என்று. மூன்றாம் நாள் எதை நினைத்து நின்றான் என்று என்னால் யோசிக்க முடியவில்லை. யோசிக்காமலும் இருக்க முடியவில்லை. அக்கா என்னைத் தூரப் போகச் சொல்கிறாள் என்றுதான் நினைத்திருப்பான். அவன் வாழ்க்கையில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். நான் ஒருத்திதான் சொல்லாதவள்.

ஒன்றைத் தொடாதே என்றால் தொடாமல் இருக்க உனக்கு என்ன கஷ்டம்? ஒரு ஜோடி பூட்ஸ். அதைப் படம் எடுத்தால் உன் முன்பணத்தில் பிடித்துவிடுவார்களா? இதைத்தானே நீ மேடையேறிப் பேசினாய்? அடுத்தவர்கள் பயந்து துடைக்கிறார்கள் என்று. நீ பயந்ததில்லையா?

இதை எழுதிவிட்டு இரண்டு நாள் வைத்திருந்தேன். கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று. கிழிக்கவில்லை. இதுவும் உண்மைதான், நீ உண்மையை வைத்துப் பிழைக்கிறவள்.

ஆனால் இன்னொன்றும் உண்மை. அவனைப் பற்றி ஒரே ஒரு வரி ஏப்ரலில் எழுதியிருந்தால் நீ எடுத்திருக்க மாட்டாய். டெய்லாவுக்குப் பயந்து நான் எழுதவில்லை. நீ ஒரு நாள் பயந்தாய். நான் பதினொரு வருடம் பயந்தேன், என்னை வெளியே அனுப்பிய பிறகும் பயந்தேன். நேற்று இங்கே இன்னொரு வீட்டுக்கு நான் போட்ட விண்ணப்பமும் இல்லை என்றாகிவிட்டது. அதற்கும் டெய்லா நல்ல வார்த்தைதான் சொன்னாளாம். இதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

உன் எண் கிடைத்தது. அழைக்க மாட்டேன். நீயும் அழைக்காதே. இந்த வீட்டில் போன் அடித்தால் ஷெரில் எடுப்பதற்குள் போலீஸ் என்று நான் முடிவு செய்துவிடுகிறேன். எதுவானாலும் எழுது. கையெழுத்தில் வந்தால் தாங்கிக்கொள்வேன்.

பூட்ஸுக்கு எண்ணெய் பூசு. குளிரில் விட்டால் வெடிக்கும். சலவை அறை அலமாரியில் மேல்தட்டில் டப்பா இருக்கும், நீ தூக்கிப் போடாமல் இருந்தால்.

முகவரியை உள்ளே வைத்தது நல்ல யோசனை. எனக்குத் தோன்றவில்லை.

நோலீன்


புல்காரா
7 ஜூன், சனிக்கிழமை

அன்புள்ள நோலீன்,

பூட்ஸ் படியில் இல்லை.

இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது இருந்தது, என் கண்ணால் பார்த்தேன். மாலை திரும்பியபோது இல்லை. எண்ணெய் டப்பா மேல்தட்டில்தான் இருந்தது, எண்ணெய் பூசி நாலு நாள் ஆகியிருந்தது. முகவரி இடது பூட்ஸுக்குள் இருந்தது.

தெரிந்ததையெல்லாம் சொல்கிறேன். எது உங்களுக்கு ஆறுதல், எது இல்லை என்று பிரிக்காமல் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை ஏஜென்ட் அலுவலகம் தோட்டக்காரர் ஒருவரை அனுப்பியிருக்கிறது. புல் வெட்ட, கூரைத் தகரத்தில் இலை அள்ள, கொல்லையைச் சுத்தம் செய்ய. எனக்கு முன்கூட்டி அறிவிப்பு வந்திருந்தது, அதில் புல் என்று மட்டும்தான் இருந்தது. டெய்லாவை அவள் அலுவலகத்தில் பார்த்தேன். வண்டியில் குப்பை ஏற்றினாரா என்று கேட்டேன்.

"ஏத்தியிருப்பாரு. பின்பக்கம் கிடக்கறத எடுக்கச் சொல்லித்தான் சொல்லியிருந்தோம். ஏன், எதாவது காணோமா?"

"ஒரு ஜோடி பூட்ஸ்."

"அந்தப் பழைய பூட்ஸா?" என்று சிரித்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "யாருதுங்க அது?"

"இந்த வீட்டுல இருக்கறவரோடது" என்றேன். அவள் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. தோட்டக்காரரின் எண்ணுக்கு என் முன்னாலேயே அழைத்தாள். மணி அடிக்கவே இல்லை. நீண்ட வார இறுதிக்கு மீன் பிடிக்க அணைக்குப் போயிருக்கிறார், அங்கே சிக்னல் கிடையாது.

மறுபக்கம் இது. தொட்டிக்குப் பக்கத்தில் கால் உடைந்த நாற்காலி ஒன்று கிடக்கிறது. அலமாரிக் கதவு ஒன்று, தலை இல்லாத மண்வாரி ஒன்று. குப்பை அள்ள வந்த ஆள் முதலில் எடுத்திருக்க வேண்டியவை. அவை அப்படியே இருக்கின்றன. எலுமிச்சை மரத்தடியில் பார்த்தேன், தோல் எதுவும் இல்லை. ஆனால் புல் வெட்டியவர் அங்கேயும் வாரியிருக்கிறார். குழாய் சொட்டவில்லை. வில்ஃப் அன்று இடுப்புக்கு மருத்துவமனைக்குப் போயிருந்தார். தெருவில் மற்ற எல்லா வீட்டிலும் கேட்டுவிட்டேன். கேட்ட ஒவ்வொருவரும் டெஸ் என்று பெயர் சொல்லித்தான் பேசினார்கள், அன்று யாரும் பார்க்கவில்லை. எதிர்வீட்டுப் பெண் மட்டும், "அவரு வந்தா எங்களுக்குத் தெரியாதுக்கா, அதுதானே அவரு வழக்கம்" என்றாள்.

காவல் நிலைய இளைஞர் நேற்று அழைத்தார். வடக்கே மயிர் கத்தரிக்கும் கொட்டகை ஒன்றில் மே பத்தொன்பதில் டெஸ் என்று ஒருவர் இரண்டு நாள் வேலை செய்து, கூலி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். சொன்னவர் அந்தக் கொட்டகையின் சமையல்காரர். முழுப் பெயர் அவருக்குத் தெரியாது. தெற்குப் பக்கம் போகும் லாரியில் ஏறினார் என்றாராம். அங்கிருந்து தெற்கு என்றால் நாங்கள்தான். மற்ற பல ஊர்களும்தான்.

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: பயந்தேன். அறுபது குடித்தனக்காரர்களிடம் அந்தப் பயத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, என்னுடையதைக் குறிக்காமல் விட்டேன். மாநாட்டுக் கட்டுரை அச்சுக்குப் போவதற்குள் அதைச் சேர்த்து எழுதுவேன். உங்கள் பெயரும் அவர் பெயரும் வராது.

வேலையைப் புதுப்பிக்கவில்லை, புதன்கிழமை மின்னஞ்சல் வந்தது. வாடகை ஒப்பந்தத்தை நான் புதுப்பித்துவிட்டேன், டிசம்பர் வரைக்கும். இந்த ஊரில் எனக்கு என்ன வேலை கிடைக்கும் என்று இன்னும் பார்க்கவில்லை. ஒப்பந்தத்தில், உடன் குடியிருப்பவர் என்ற இடத்தில் டெஸ்மண்டின் பெயரை எழுதினேன். டெய்லா படித்துப் பார்த்தாள். "இவரு எப்ப வர்றாரு?" என்றாள். சொல்ல முடியாது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு முத்திரை வைத்தாள்.

படியில் இப்போது ஒன்றும் இல்லை. ஆனால் இத்தனை வருட வெயிலில் மரம் கறுத்து, பூட்ஸ் நின்ற இடம் மட்டும் பழைய நிறத்தில் இருக்கிறது. இரண்டு கால் அளவு. தூரத்திலிருந்தே தெரிகிறது, வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தேன். வேறு பூட்ஸ் வாங்கி அதன்மேல் வைக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அதை டெஸ் எப்படிப் படிப்பார் என்று தெரியாததால் வைக்கவில்லை. எது சரி என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை அரசு விடுமுறை. ஏஜென்ட் அலுவலகம் செவ்வாய்க்கிழமை, ஜூன் பத்தாம் தேதி, காலை ஒன்பதுக்குத் திறக்கும். தோட்டக்காரர் அன்றைய வேலைப் பட்டியலை வாங்க அங்கே வந்துதான் ஆக வேண்டும். நான் எட்டரைக்கே வாசலில் இருப்பேன். பூட்ஸை ஏற்றினாரா என்று அவரிடம் கேட்பேன். ஏற்றினேன் என்றால் குப்பைமேட்டுக்குப் போவேன். ஏற்றவில்லை என்றால், உங்கள் முகவரி இப்போது டெஸ்ஸின் கால் விரலுக்கடியில் இருக்கிறது.

நீங்கள் சொன்னபடி அழைக்கவில்லை. இன்று போட்டாலும் இது வியாழன், வெள்ளிக்கு முன் உங்களிடம் வராது. நீங்கள் இந்த வரியைப் படிக்கும்போது எனக்குப் பதில் தெரிந்திருக்கும். செவ்வாய் மாலைத் தபாலில் அதை எழுதிப் போடுவேன், அடுத்த திங்களுக்குள் வந்துவிடும். அதுவரை ஷெரிலிடம் சொல்லி, பின்கட்டுப் படியில் உங்கள் பூட்ஸ் எதையாவது வைத்திருங்கள், நுனி கதவைப் பார்த்தபடி. அவள் எடுத்து உள்ளே வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ப்ரூ